ஜன்னலுக்குக் கம்பி வேண்டுமா? கடல் பக்கத்து வீட்டில் உப்பிடம்தான் முதலில் கேட்க வேண்டும்

கடலோர ஊரான முட்டத்தில் அக்கா வீட்டு ஜன்னலுக்குக் கம்பி போட்டு எட்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் கம்பியின் முனை அடுக்கடுக்காக உரிந்து, நகத்தால் கிள்ளினால் அப்பளம் மாதிரி கையோடு வருகிறது. அதே வருஷம் அதே பட்டறையில் கடலிலிருந்து உள்ளே தள்ளி தக்கலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கும் கம்பி அடித்தோம், அதே இரும்பு, அதே ரெட் ஆக்சைடு, அதே பெயிண்ட். இங்கே பெயிண்ட் கொஞ்சம் மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது தம்பி முட்டத்திலேயே வீடு கட்டுகிறான். "அழி வைக்கவா, வேண்டாமா?" என்று போன வாரம் கேட்டான் (ஜன்னல் கம்பியைத்தான் எங்கள் ஊரில் அழி என்போம்).

மழையில் நனைந்தால் இரும்பு துருப்பிடிக்கும் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் தக்கலையில் பெய்யாத மழையா? தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டுமே நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறது. வித்தியாசம் உப்பில் இருக்கிறது.

இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய நீர்ப்படலம் இருந்தாலே போதும், அங்கே ஒரு குட்டி பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும். ஓரிடத்தில் இரும்பு தன் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது, பக்கத்தில் இன்னோரிடத்தில் காற்றிலிருந்து வந்த ஆக்சிஜன் அந்த எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. எலெக்ட்ரான் இரும்புக்குள்ளேயே ஓடிவிடும், ஆனால் சுற்று முழுமையாக வேண்டுமென்றால் மேலே உள்ள நீரிலும் மின்னூட்டம் நகர வேண்டும். நல்ல தண்ணீரில் அது மந்தமாக நடக்கும்; உப்பு கலந்தால் வேகமாகிவிடும். உப்பில் இருக்கும் குளோரைடு, உலோகத்தின் மேல் பாதுகாப்பாகப் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தையும் ஓட்டை போட்டுவிடுகிறது.

அந்த உப்பு வீட்டுக்குள் எப்படி வருகிறது? அலை உடையும்போது நுரையில் இருக்கும் குமிழிகள் வெடித்து நுண்ணிய துளிகளைத் தெறிக்கின்றன, காற்று அவற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறது. பெரும்பகுதி கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள்ளேயே படிந்துவிடும், அதனால்தான் முட்டத்துக்கும் தக்கலைக்கும் இவ்வளவு தூரம் வித்தியாசம். படிந்த உப்பு சும்மாவும் இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும் (மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான்). கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதம் வந்தாலே கசிய ஆரம்பித்துவிடும், நம் கரையில் காற்று அதற்குக் கீழே வறண்டு போவது அபூர்வம். அதாவது ஒரு சொட்டு மழை இல்லாத மாசி மாதத்திலும் அக்கா வீட்டுக் கம்பி ஈரமாகத்தான் இருக்கிறது.

அங்கே ஒன்றைக் கவனித்தேன். மழைச்சாரல் நேராக அடிக்கும் வெளிப்பக்கம் பரவாயில்லை. சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் மேல்பகுதியும், குறுக்குப் பட்டையின் அடிப்பக்கமும்தான் மோசம். அடிப்பக்கத்தில் விரலை ஓட்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன், நல்ல உப்பு. மழை கழுவிவிடும் இடம் பிழைக்கிறது, கழுவாத இடம் அரிக்கிறது. அப்புறம், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். சுவருக்குள் புதைத்த கம்பி முனை வீங்கும்போது பூச்சு பிளக்கிறது, அந்த விரிசலில் இன்னும் உப்புநீர் இறங்குகிறது.

அதனால் தம்பியிடம் சொன்னேன்: கடலைப் பார்த்த ஜன்னலுக்குச் சாதாரண இரும்பு வேண்டாம். ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், நல்லதுதான், மேலே உள்ள துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும்; ஆனால் துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துவிடும், வெல்டிங் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம், எனவே ஒவ்வொரு வெல்டிங் முனையும் அம்மணமான இரும்பு. அந்த இடங்களில் ஜிங்க் பெயிண்ட் அடிக்கச் சொல்லி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் கிரேடைக் கேட்டு பில்லில் எழுதி வாங்க வேண்டும். 304-ல் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், 316-ல் கூடவே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம், குளோரைடைத் தாங்குவது அதுதான். காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல ஸ்டீல் என்று காட்டி விற்பார்கள். மலிவான 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது, அதை நம்பி வாங்கவே கூடாது. 316 விலை கூடுதல்தான், ஆனால் அக்கா இரண்டாவது தடவை கம்பி மாற்ற ஆகும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லா ஜன்னலுக்கும் கம்பி வேண்டுமா என்றால், என் அபிப்பிராயத்தில் வேண்டாம். 12 மில்லிமீட்டர் கம்பியை 100 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வைத்தால் நேராக வரும் வெளிச்சத்தில் சுமார் 12 சதவீதம் போகும், அது பெரிய நஷ்டமில்லை. பூவும் மயிலுமாக டிசைன் வைத்தால் இழப்பும் கூடும், உப்பு தங்கும் மூலைகளும் கூடும். நேர்க்கம்பியே போதும். பத்மநாபபுரம் அரண்மனையின் மர அழிகளைப் பாருங்கள், இருட்டான உள்ளிருந்து வெயிலான வெளி நன்றாகத் தெரியும், வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாது. மரத்துக்குத் துருவும் கிடையாது. ஆள் ஏற முடியாத மாடி ஜன்னலுக்கு அப்படி அயினி மரத்தில் ஒரு அழி வைக்கலாம். சின்னக் குழந்தை இருந்தால் இடைவெளி நாலு அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னலின் கம்பிச் சட்டமாவது கீல் வைத்து உள்ளிருந்து திறக்கிற மாதிரி இருக்க வேண்டும், சாவி தேடாமல், இருட்டில் தடவியே திறக்கிற தாழ்ப்பாளாக. வாசல் பக்கம் தீப்பிடித்துப் புகை சூழ்ந்தால் திறக்காத கம்பி உள்ளே இருப்பவர்களைச் சிறைவைத்துவிடும். அந்தக் கீலும் தாழ்ப்பாளும் 316-ஆகவே இருக்கட்டும், துருவேறி இறுகிப்போன கீல் அவசரத்துக்கு உதவாது.

தம்பி கீழ்த்தளத்துக்கு மட்டும் நேர்க்கம்பி என்று முடிவு செய்திருக்கிறான். அக்கா இப்போது மாதம் ஒரு தடவை, மழையில்லாத மாதங்களில் இரண்டு தடவை, கிணற்றுத் தண்ணீரை ஹோஸில் பிடித்துக் கம்பியின் அடிப்பக்கத்தைக் கழுவுகிறாள்.