எவர்சில்வர் துப்பாக்கியும் கடல் உப்பும்

தென்னாப்பிரிக்கத் துறைமுகமான டர்பனின் கோடையில் கல்லுப்புச் சாடியைத் திறந்தே வைத்துவிட்டால் இரண்டொரு நாளில் அடியில் தண்ணீர் கட்டிவிடும். நெடுந்தூரப் பாய்மரப் பயணத்துக்குத் தற்காப்புத் துப்பாக்கி வாங்கப் போகிறவர் எத்தனை போர் (குழலின் உள்ளளவு), எத்தனை தோட்டா என்றுதான் முதலில் விசாரிப்பார். அதற்கு முன்னால் அவர் பார்க்க வேண்டியது அந்தச் சாடியை.

தூய சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைகிறது. கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது சுமார் 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கிவிடும். ஆகவே ஒருமுறை அலைத்துளி பட்ட இரும்பு, கேபினுக்குள் காய்ந்தது போலத் தெரிந்தாலும் மெல்லிய உப்புநீர்ப் படலத்தைப் போர்த்தியபடியேதான் கிடக்கும். இந்தியப் பெருங்கடல் தீவான ரியூனியனிலிருந்து டர்பனுக்குச் சுமார் 1,400 கடல் மைல். 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் பத்து நாள். துப்பாக்கி படகில் கிடப்பதோ மாதக்கணக்கில்.

‘ஸ்டெயின்லெஸ்தானே, துருப்பிடிக்காது’ என்பார்கள். நம் எவர்சில்வர் டம்ளரும் ஸ்டெயின்லெஸ்தான். எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால், அது ஆக்சிஜனோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலமாகும். கீறினால் தானே ஆறிவிடும் தோல் அது. கடல்நீரின் குளோரைடு அயனிகள் அந்தத் தோலை ஆங்காங்கே ஓட்டை போடுகின்றன. மேலே ஊசிமுனைப் புள்ளி, உள்ளே குழி. படகின் கொக்கிகளுக்கும் கம்பிகளுக்கும் 316 ரக எஃகைத் தேடுவது அதனால்தான். அதிலுள்ள 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இந்தக் குழியரிப்பைத் தடுக்கிறது.

ஆனால் 316ஐச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினப்படுத்த முடியாது. எனவே ஸ்டெயின்லெஸ் துப்பாக்கிக் குழல்களுக்கு 410, 416 போன்ற ரகங்களைத்தான் எடுப்பார்கள். குரோமியம் 12, 13 விழுக்காடு. நிக்கல் ஏறக்குறைய இல்லை. கடையத் தோதாக 416இல் சேர்க்கும் கந்தகமே குழி தொடங்கும் இடமாகிவிடுகிறது. ஒரு காந்தத்தை எடுத்துப் பாருங்கள்: நல்ல 18-8 (18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல்) டம்ளரில் ஒட்டாது, இந்தக் குழலில் ‘டக்’கென்று ஒட்டும். உப்பைத் தாங்குவதில் டம்ளர்தான் உசத்தி.

இன்னொரு வழி பூச்சு. ரெமிங்டன் 870 மரைன் மேக்னம் என்னும் ஷாட்கன் (ரவைகளைச் சிதறச் சுடும் துப்பாக்கி) உள்ளும் புறமும் நிக்கல் பூசியது. பூச்சு முழுதாக இருக்கும்வரை அருமையான காப்பு. கீறல் விழுந்தால் கதை தலைகீழ். துத்தநாகம் பூசிய வாளியில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். நிக்கலோ இரும்பைவிட உயர்ந்த மின்னழுத்தம் உடையது. கீறலுக்குள் தெரியும் இரும்பையே பலி கொடுக்கும். இன்னொரு ஷாட்கனான மோஸ்பெர்க் மரைனரில் வேறு சிக்கல்: அதன் உடற்பகுதி அலுமினியம், குழல் எஃகு. இரண்டும் தொடும் இடத்தில் உப்புநீர் புகுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி, கரைவது அலுமினியம். அந்த இணைப்பில் கிரீஸ் தடவுவதை மறக்கக் கூடாது.

வாங்கும்போது கடைக்காரர் காட்டுவது பளபளக்கும் குழலை. நீங்கள் பார்க்க வேண்டியது தோட்டா நிற்கும் குழாயின் உட்புறம், அதற்குள்ளிருக்கும் சுருள்வில், விசைப்பகுதியின் ஊசிகள். பெரும்பாலும் இவை சாதாரண எஃகு, கண்ணிலும் படாது. சுருள்வில் துருவேறினால் அடுத்த தோட்டா மேலே வராது.

பராமரிப்பில் எல்லோரும் செய்யும் தவறு, நேராக எண்ணெய் போடுவது. உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்க்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்து அரிக்கும். தோட்டாக்களை எடுத்துவிட்டு, பிரித்து, முதலில் நன்னீரில் கழுவ வேண்டும். துடைத்து முழுதாக உலர்த்தி, பிறகே நீர் விலக்கும் எண்ணெய். தோல் உறையும் பஞ்சு வைத்த பையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேண்டாம். காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் நீலச் சிலிக்கா ஜெல் மணிகள் போதும். நீலம் இளஞ்சிவப்பானதும் சுமார் 120 பாகை செல்சியசில் வறுத்தால் மீண்டும் பயன்படும்.

தோட்டா பற்றி ஓர் எச்சரிக்கை. ஆபத்தில் உதவி கேட்டு வானில் தீச்சுடர் சுடும் பிளாஸ்டிக் துப்பாக்கிகளில் 12 போர் அளவும் உண்டு. அளவு ஒன்றே என்பதால் நிஜத் தோட்டாவும் அதற்குள் போய்விடும். 12 போர் தோட்டாவின் அழுத்தம் 700 பாரையும் தாண்டலாம். பிளாஸ்டிக் கையிலேயே வெடித்துச் சிதறும். இருட்டில், ஆடும் படகில், இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்திருப்பவருக்கு இது நடக்க வெகு நேரம் ஆகாது.

இனி குறி. படகு இருபக்கமும் 10 பாகை, 5 நொடிக்கு ஒருமுறை உருளுகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுநிலையைக் கடக்கும் கணத்தில் அதன் வேகம் நொடிக்கு 12 பாகைக்கு மேல். விசையை இழுக்க நினைப்பதற்கும் இழுப்பதற்கும் இடையே பத்தில் ஒரு நொடி போனால், 20 மீட்டரில் 40 செ.மீ.க்கு மேலும் 50 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேலும் குறி விலகும். கை ஓரளவுக்கு ஈடுகட்டும், அவ்வளவுதான். உருளல் திரும்பும் முனையில் ஒரு கணம் படகு நிற்கும். அனுபவசாலிகள் அதற்குக் காத்திருப்பார்கள். ரவை விரிவதால் குறி தானே சரியாகிவிடும் என்பது பாதி உண்மை: வாய் குறுக்கப்படாத குழலில் மீட்டருக்குச் சுமார் 2.5 செ.மீ. விரியும், 20 மீட்டரில் அரை மீட்டர் வட்டம்.

எதிரே வருகிறவரிடம் ஏ.கே. 47 இருந்தால் கணக்கே வேறு. கண்ணாடியிழைப் படகின் சுவர் அந்தக் குண்டை நிறுத்தாது, ஒளிய இடமில்லை. 2010இல் ‘சோய்சில்’ பாய்மரப் படகிலிருந்து சோமாலியக் கொள்ளையர் கடத்திய தென்னாப்பிரிக்க இணையர் 2012 ஜூனில்தான் விடுவிக்கப்பட்டார்கள். அந்த வகை ஆபத்துக்குப் பாதையை மாற்றுவதே மருந்து என்பது எங்கள் கருத்து.

சட்டம் தேர்வைப் பாதி முடித்தே வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 13ஆம் பிரிவின்படி, தற்காப்புக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஆயுதம்: தானியங்கியோ அரைத்தானியங்கியோ அல்லாத ஷாட்கன், அல்லது முழுத்தானியங்கி அல்லாத கைத்துப்பாக்கி. உரிமத்துக்கு 200 தோட்டா வரை. படகுக்காரர்கள், கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷனில் வந்து நிற்க இதுவும் ஒரு காரணம். வெளியே கொண்டுபோகவும் திரும்பக் கொண்டுவரவும் தனி அனுமதி வேண்டும். மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் போனாலும் ரியூனியன் போனாலும் வந்திறங்கியதும் ஆயுதத்தை அறிவித்தாக வேண்டும். பல துறைமுகங்களில் அதிகாரிகள் அதை வாங்கிப் பூட்டிவைத்து, புறப்படும் நாளில்தான் தருவார்கள். டிங்கி என்னும் சிறு துணைப்படகையும் அதன் அவுட்போர்டு எஞ்சினையும் திருட வருகிறவன் வருவது நங்கூரம் போட்ட அந்த இரவுகளில்தான். அப்போது துப்பாக்கி கரையில், அவர்கள் பெட்டகத்தில் இருக்கும்.