கலனகப் படிமம்

இதயத் தமனிக்குள் கருவியைச் செலுத்தி உள்ளிருந்தே படமெடுப்பதை, கேத் லேபில் (இதயக் குழாய்களைச் சோதித்துச் சிகிச்சை தரும் அறையில்) ஐவஸ் (IVUS) என்றோ ஓசிடி (OCT) என்றோ கருவியின் பெயரால்தான் சொல்கிறார்கள். இரண்டுக்கும் பொதுப்பெயர் இன்ட்ராவாஸ்குலர் இமேஜிங். லத்தீனில் ‘இன்ட்ரா’ என்றால் உள்ளே. ‘வாஸ்’ என்றால் பாத்திரம், ‘வாஸ்குலம்’ சிறு பாத்திரம். நம் ‘கலம்’ என்ற சொல்லுக்கும் அதே பொருள் உண்டு. உண்கலம் என்கிறோமே, அந்தக் கலம்.

‘நாள உட்படிமம்’ என்றும் எழுதலாம்தான். ஆனால் தமிழ்நாட்டில் நாளம் என்றால் பொதுவாக இரத்தக்குழாய். இலங்கைப் பாடநூல்களிலோ அது சிரையை மட்டும் குறிக்கும். தமனியை அங்கே நாடி என்பார்கள். இந்தக் கருவி நுழைவது இதயத் தமனிக்குள். யாழ்ப்பாணத்தில் படிப்பவர் சிரை என்று எடுத்துக்கொண்டால் பொருளே மாறிவிடும். இலங்கையில் வழங்கும் ‘குருதிக்கலன்’ இந்தக் குழப்பத்துக்கு இடம் தராது. ஆகவே கலன் + அகம்: கலனகப் படிமம்.

‘அகம்’ இங்கே வெறும் அலங்காரம் அல்ல. ஆஞ்சியோவில், அதாவது சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படத்தில், தெரிவது சாயம் நிரம்பிய பாதையின் நிழல் மட்டுமே. சுவரின் தடிப்பு, அதில் படிந்த சுண்ணாம்பு (கால்சியம்), ஸ்டென்ட் (குழாயை விரித்துத் தாங்கும் வலைக்குழல்) சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்பதெல்லாம் உள்ளிருந்து பார்த்தால்தான் தெரியும். 0.014 அங்குல வழிகாட்டிக் கம்பியின் மேல் மெல்லிய கதீட்டரைச் செலுத்தி, அடைப்பைத் தாண்டியதும் பின்னிழுத்தபடி படம் எடுப்பார்கள். அதற்கு முன் இரத்தம் உறையாமலிருக்க ஹெபரினும், குழாய் விரிவதற்குத் தமனிக்குள்ளேயே 100 முதல் 200 மைக்ரோகிராம் நைட்ரோகிளிசரினும் தர வேண்டும். தராவிட்டால் குழாய் சுருங்கி, உண்மை அளவைவிடச் சிறிதாகத் தெரியும். ஸ்டென்டும் சிறிதாகவே தேர்வாகும்.

ஐவஸ் மீயொலியால் பார்ப்பது. இரத்தத்தை அகற்ற வேண்டியதில்லை, சில மில்லிமீட்டர் ஆழம்வரை தெரியும். சுண்ணாம்பைத் தாண்டி மட்டும் ஒலி போகாது. பின்னால் நிழல்தான் விழும். சுழலும் வகைக் கதீட்டரில் காற்றுக்குமிழி தங்கினால் படம் மங்கும், வளைவில் உரசினால் படம் திரிந்துவிடும்.

ஓசிடி அகச்சிவப்பு ஒளியால் பார்ப்பது. ‘ஓரியல் ஒளி வெட்டுப்படம்’ என்பது பொருத்தமான தமிழ். 10 முதல் 20 மைக்ரோமீட்டர் நுட்பம்வரை காட்டும். ஐவஸைவிடப் பல மடங்கு கூர்மை. ஆனால் ஆழம் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். ஒளி இரத்தத்தைக் கடக்காததால் படமெடுக்கும் சில நொடிகளும் சாயம் பாய்ச்ச வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு இது யோசிக்க வேண்டிய சுமை. மகாதமனியிலிருந்து இதயத் தமனி கிளை பிரியும் இடத்தில் இரத்தம் முழுதாக விலகாது. அங்கே ஐவஸ்தான் கைகொடுக்கும். சுண்ணாம்பின் தடிப்பை அளக்க ஓசிடியே மேல். சுற்றளவில் 180 பாகைக்கு மேல், 0.5 மி.மீ.க்கு மேல் தடித்து, 5 மி.மீ.க்கு மேல் நீண்டிருந்தால், அதை உடைக்காமல் வைக்கும் ஸ்டென்ட் முழுதாக விரியாமல் போகக்கூடும்.

தமிழில் குறிப்பு எழுதுவோர் ‘கலனகப் படிமம்’ என்பதோடு எந்த முறை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஸ்டென்டின் மிகக் குறுகிய இடத்தில் ஐவஸ் கணக்கில் 5.5 சதுர மி.மீ.க்கு மேல், ஓசிடி கணக்கில் 4.5க்கு மேல் பரப்பு வேண்டும் என்பது இடப்பக்க முதன்மைத் தமனி அல்லாத இடங்களுக்கான அளவுகோல். அதே குழாயை ஓசிடி சற்றுச் சிறிதாகவே காட்டும்.