கேட்காத ஜார் கோப்புகள் எங்கிருந்து வந்தன?

மைன்கிராஃப்ட் விளையாட்டின் சர்வருக்கு பிளகின் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) எழுதிப் பழகும் பள்ளி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பிளகின்.ஒய்எம்எல் கோப்பில் ஒரே ஒரு லைப்ரரியின் பெயரைத்தான் எழுதினேன். சர்வரை ஓட்டியதும் அது தானாக வந்தது. கூடவே நான் கேட்காத ஐந்தாறு ஜார் கோப்புகளும் வந்துவிட்டன. யார் கூப்பிட்டார்கள்?”

ஜார் என்பது ஜாவா நிரலைப் பொதிந்த கோப்பு; லைப்ரரி என்பது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல். கூப்பிட்டது மேவன் ரிசால்வர். ஜாவா நிரல்களைக் கட்டும் மேவன் கருவிக்குள் இருந்த பகுதி இது. சோனாடைப் நிறுவனம் 2010இல் இதைத் தனி லைப்ரரியாக்கி ‘ஈதர்’ என்று பெயரிட்டது. பிறகு எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குப் போய், கடைசியில் அப்பாச்சிக்கு வந்து சேர்ந்தது. தனி லைப்ரரி என்பதால் எந்த ஜாவா செயலியும் இதைத் தனக்குள் வைத்துக்கொள்ளலாம். மைன்கிராஃப்ட் சர்வர் வகைகளில் ஒன்றான ஸ்பிகாட் செய்திருப்பது அதைத்தான்.

குழு, பெயர், பதிப்பு என்ற மூன்றையும் கொடுத்தால் ரிசால்வர் முதலில் ஜாரை இறக்காது; பாம் என்ற சிறு விவரக் கோப்பைத்தான் படிக்கும். அந்த லைப்ரரிக்கு வேறு எவை தேவை என்பது அதில் இருக்கும். அவற்றின் பாம், அவற்றுக்குத் தேவையானவற்றின் பாம் என்று போய் ஒரு மரம் வளரும். ஒரே லைப்ரரி அந்த மரத்தில் இரண்டு பதிப்புகளாக வந்தால் ஒன்றுதான் மிஞ்ச வேண்டும். வேருக்கு, அதாவது உங்கள் நிரலுக்கு, கிட்டே இருப்பது வெல்லும் என்பது மேவனின் விதி.

எளிய விதிதான். ஆனால் எந்தச் சண்டையை முதலில் தீர்ப்பது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

உங்கள் பிளகினுக்கு ‘பானை 1’, ‘உறி’ இரண்டும் நேரடியாக வேண்டும். உறிக்கு ‘பானை 2’ வேண்டும்; பானை 2க்குக் ‘கயிறு 5’ வேண்டும். உறிக்கு இன்னொரு கிளையும் உண்டு: கொக்கி, அதற்கு வளையம், அதற்குக் ‘கயிறு 4’. கயிற்றுச் சண்டையை முதலில் எடுத்தால், மூன்றாம் படியில் இருக்கும் கயிறு 5 வென்று, நான்காம் படியில் இருக்கும் கயிறு 4 வெட்டப்படும். அடுத்து பானைச் சண்டை. முதல் படியிலுள்ள பானை 1 வெல்லும். பானை 2 தன் கிளையோடு, அதாவது கயிறு 5ஓடு, விழும். இப்போது வளையத்துக்குக் கயிறே இல்லை. நிரல் ஓடும்போது பாதியில் கவிழும்.

பானைக்குத்தான் கயிறு தேவை, கயிற்றுக்குப் பானை தேவையில்லை. ஆகவே பானையை முதலில் தீர்த்துவிட்டால் கயிறு 5 கிளையோடு போய்விடும், கயிறு 4 பத்திரமாக நிற்கும். ரிசால்வர் எல்லாச் சண்டைகளையும் ‘யாருக்கு யார் தேவை’ என்ற வரிசையில் அடுக்கிய பிறகே கத்தியை எடுக்கிறது. ‘டோபலாஜிகல் சார்ட்’ எனப்படும் இந்த வரிசைப்படுத்தலைக் கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்களுக்கு, அது உயிரோடு வேலை செய்யும் இடத்தையும் யாராவது காட்டியிருக்க வேண்டும்.

வெட்டி முடித்த பிறகுதான் ஜார்கள் இறங்கும், கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் ‘செக்சம்’ எண் சரிபார்க்கப்படும்.

மேவனைப் போன்ற இன்னொரு கருவியான கிரேடில் வேறு வழியில் போகும்: புதிய பதிப்பே வெல்லும். எனக்கு மேவன் விதிதான் பிடிக்கும், கடைசி வார்த்தை நிரலை எழுதுபவரிடம் இருப்பதால். நிரல் நடப்பதைப் பதிவுசெய்யும் ‘லாக்4ஜே’ என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை 2021 டிசம்பரில் வெளியானபோது, மைன்கிராஃப்ட் அரட்டையில் ஒரு வரி தட்டியே சர்வரைப் பிடிக்க முடிந்தது. எத்தனை ஆழத்தில் பழைய லாக்4ஜே ஒளிந்திருந்தாலும், மேவனில் திருத்திய பதிப்பை நேரடித் தேவையாக எழுதினால் போதும், அதுவே வெல்லும். அந்த லாக்4ஜேயைக் காத்தவர்கள் தன்னார்வலர்கள். இப்படிப்பட்ட அடித்தள வேலைக்கு, அதனால் பிழைக்கும் நிறுவனங்களும் அரசுகளும் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

எந்தப் பிழை வந்தாலும் இறக்கியவற்றை மேவன் சேர்த்துவைக்கும் ‘எம்2’ கோப்புறையை முழுதாக அழிப்பது பல அலுவலகங்களில் பரிகாரம் போல நடக்கிறது. ‘இந்தக் கோப்பு கிடைக்கவில்லை’ என்ற முடிவையும் ரிசால்வர் குறித்துவைத்துக்கொண்டு, சில காலம் திரும்பக் கேட்காது. அந்தக் குறிப்பின் பெயர் ‘லாஸ்ட்அப்டேட்டட்’ என்று முடியும். அதை மட்டும் நீக்கினால் போதும்.

மாணவிக்கு: உங்கள் சர்வரின் ‘லைப்ரரீஸ்’ கோப்புறையைத் திறந்து பாருங்கள். சில இடங்களில் பாம் மட்டும் இருக்கும், ஜார் இருக்காது. அவற்றுள் சில பல பாம்களுக்குப் பொதுவான தாய்க் கோப்புகள். மற்றவற்றுள் பல, மரத்தில் ஏறி வெட்டுப்பட்ட பதிப்புகள்.