வேரில் கட்டிய பை

தென்னைக்கு வேர் வழியாக டானிக் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரியும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில்தான் நான் அதை முதலில் பார்த்தேன். மரத்தின் தூரிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு பெரியவர் மண்ணைப் பறித்தார். முற்றிக் கறுத்த வேர்களை ஒதுக்கிவிட்டு, பென்சில் பருமனில் இளஞ்சிவப்பாக இருந்த ஒரு வேரைத் தேர்ந்தெடுத்தார். கூரான கத்தியால் சாய்வாக ஒரே வெட்டு. வெட்டிய முனையை உடனே 200 மி.லி. டானிக் இருந்த பாலித்தீன் பைக்குள் அடி வரைக்கும் நுழைத்து, பையின் வாயை நூலால் இறுக்கிக் கட்டினார். மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளிவிட்டு அடுத்த மரத்துக்கு நகர்ந்தார்.

“இதை மேலே ஏத்துறது எதுங்க?” என்று கேட்டேன்.

“மரம் இழுத்துக்கும் கண்ணு. வெயில் ஏறட்டும், பாரு.”

மறுநாள் போய்ப் பார்த்தபோது பை சப்பிப்போய் வேரோடு ஒட்டிக் கிடந்தது. டானிக் ஒரு சொட்டு இல்லை.

“இழுத்துக்கும்” என்று அவர் சொன்னது வாய்ப்பேச்சுக்கு இல்லை. அதுதான் இதன் இயற்பியல். தண்ணீரை வேர் கீழிருந்து தள்ளுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தள்ளுவது உண்மையானால், வெட்டிய வேரிலிருந்து தண்ணீர் வெளியே வடிந்திருக்க வேண்டும். பையில் இருந்ததை உள்ளே எடுத்திருக்காது. வேர் வழிவிட்டது, அவ்வளவுதான். இழுத்தது வேறு எங்கோ இருக்கிறது.

ஏறக்குறைய இதே சோதனையை 300 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்திருக்கிறார். ஸ்டீபன் ஹேல்ஸ் இங்கிலாந்துக்காரர், பாதிரியார். 1723இல் நல்ல வறட்சி. ஒரு பேரி மரத்தடியில் இரண்டரை அடி தோண்டி, ஒரு வேரை வெட்டி, அதன் முனையைத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் பொருத்தினார். குழாயின் அடிமுனை பாதரசத்தில் நின்றது. வேர் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, பின்னாலேயே பாதரசம் ஏறியது. 6 நிமிடத்தில் 8 அங்குலம்! பாதரசம் தண்ணீரைப் போல 13 மடங்குக்கும் அதிகக் கனம் என்பதை நினைத்துக்கொண்டு அந்த 8 அங்குலத்தைப் பாருங்கள். இலைகள் நீரை வெளியே விடுவதற்கும் இந்த இழுப்புக்கும் தொடர்பு உண்டு என்பதையும் அவர் கண்டுகொண்டார். ஆனால் எப்படி என்று சொல்ல இன்னும் 170 ஆண்டுகள் ஆயின.

இதில் என்ன பெரிய புதிர்? ஆழக் கிணறு வைத்திருந்த குடியானவர்களிடம் கேட்டால் தெரியும். பழைய மோட்டார்களைக் கிணற்று மேட்டில் வைக்க மாட்டார்கள். கிணற்றுக்குள் பாதி ஆழத்தில் திட்டு அமைத்து, நீர்மட்டத்துக்குக் கிட்ட இறக்கி வைப்பார்கள். ஏனென்றால் மேலே இருக்கும் மோட்டார் உண்மையில் தண்ணீரை இழுப்பதில்லை. குழாயில் இருக்கும் காற்றை எடுத்துவிடுகிறது. கிணற்று நீரின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்று மண்டலம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. அந்தக் காற்றால் ஏற்ற முடிவது அதிகபட்சம் 10 மீட்டர் சொச்சம். நடைமுறையில் 7, 8 மீட்டரிலேயே மோட்டார் திணறிவிடும். நெட்டைத் தென்னையோ 20 மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். கலிபோர்னியாவில் ஒரு ரெட்வுட் மரம் 115 மீட்டருக்கு மேல் நிற்கிறது.

நுண்குழாயில் தண்ணீர் தானாக ஏறும் என்று பள்ளியில் படித்திருப்போம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது அப்படித்தான். கணக்குப் போட்டால் அது கைகொடுக்காது. மரத்துக்குள் நீர் ஏறும் சைலக் குழாய் ஒன்றின் விட்டம் 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் தானாக ஏறுவது சுமார் 60 சென்டிமீட்டர். செடிக்குப் போதும், தென்னைக்கு எந்த மூலைக்கு?

அப்படியானால் மரத்தண்டில் உயிருள்ள செல்கள் ஏதாவது இதயம்போலத் துடித்து நீரை ஏற்றுகின்றனவா? 1890களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் இதைக் கறாராகச் சோதித்தார். 22 மீட்டர் ஓக் மரம் ஒன்றை அடியில் அறுத்து, அப்படியே நிமிர்த்தி, பிக்ரிக் அமிலத்தில் நிறுத்தினார். அமிலம் வழியில் இருந்த உயிர்ச்செல்களைக் கொன்றுகொண்டே உச்சி வரை ஏறியது. பின்னாலேயே சாயநீரும் ஏறியது. தண்டு செத்த பிறகும் ஏற்றம் நிற்கவில்லை. சைலக் குழாய்களே இறந்த செல்களின் கூடுகள்தான்.

நம் ஜகதீஷ் சந்திர போஸ் இதை ஏற்கவில்லை. தண்டுக்குள் ஒரு செல் அடுக்கு துடித்துத் துடித்துச் சாற்றை ஏற்றுகிறது என்று 1923இல் விரிவாக எழுதினார். செடிகளின் மிக நுண்ணிய அசைவையும் மின்மாற்றத்தையும் அளக்க அவர் கட்டிய கருவிகளை இன்றைக்கு நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது; அந்த மதிப்பு எனக்குக் குறையவே இல்லை. ஆனால் சாறு ஏறும் விஷயத்தில் அவர் முடிவு நிலைக்கவில்லை.

நிலைத்த விடை 1894இல் டப்ளினிலிருந்து வந்தது. ஹென்றி டிக்சன் தாவரவியல்காரர், ஜான் ஜாலி இயற்பியல்காரர். அவர்கள் சொன்னதைப் புரிந்துகொள்ள மோட்டாரை மறந்துவிட்டுக் கமலையை நினைக்க வேண்டும். கமலையில் மாடு மேலே இழுக்கிறது, கயிறு அறாமல் நிற்கிறது, பறி மேலே வருகிறது. அங்கே 10 மீட்டர் என்ற எல்லை கிடையாது. கயிறு தாங்கும் வரைக்கும் எவ்வளவு ஆழத்திலிருந்தும் இழுக்கலாம். மரத்தில் அந்தக் கயிறு, தண்ணீரேதான்.

தண்ணீர் எப்படிக் கயிறாகும்? ஒவ்வொரு நீர் மூலக்கூறும் பக்கத்து மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கிறது. காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல், குழாய்ச் சுவரோடு நன்றாக ஒட்டிய நீர்த்தம்பத்தைப் பிடித்து இழுத்தால் அது அறாது; விறைக்கும். வேர் நுனியிலிருந்து இலை வரைக்கும் இப்படி விறைத்த தொடர்ச்சியான நீரிழைகள் ஒவ்வொரு மரத்துக்குள்ளும் பகலெல்லாம் நிற்கின்றன.

மாட்டின் வேலையைச் செய்வது வெயில். இலையின் உள்ளே செல் சுவர்கள் ஈரத்துணிபோல நனைந்திருக்கின்றன. அந்தத் துணியின் இழை இடுக்குகள் ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கு அளவுக்குச் சிறியவை. இலைத்துளை திறந்திருக்கும்போது அந்த இடுக்குகளிலிருந்து நீர் ஆவியாகிறது. உடனே நீரின் மேற்பரப்பு உட்பக்கமாக வளைந்து பின்வாங்கப் பார்க்கிறது. பரப்பு இழுவிசை விடாது. பின்னால் இருக்கும் நீரை இழுத்து அந்த வளைவை நிரப்பும். திரியில் எண்ணெயை ஏற்றும் அதே விசைதான். தண்டின் அகலக் குழாயில் 60 சென்டிமீட்டருக்கு மேல் உதவாத விசை, இந்த நுண்ணிய இடுக்கில் 100 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலான இழுப்பைத் தாங்கும். பள்ளிப்பாடம் தப்பில்லை, இடத்தைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டது.

20 மீட்டர் மரத்தில் நீரின் எடையைத் தூக்கவே 2 வளிமண்டல அழுத்தம் வேண்டும். குழாய் உராய்வுக்கும் அதே அளவு வைத்துக்கொள்ளலாம். மண் காயக் காய, மண் துகள்கள் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியையும் வெல்ல வேண்டும். மண் சுமார் 15 வளிமண்டல அழுத்த அளவுக்கு இறுக்கிப் பிடித்தால் பெரும்பாலான பயிர்களால் இழுக்க முடியாது. அப்புறம் தண்ணீர் ஊற்றினால்தான் நிமிரும்.

கயிறு என்றால் அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு. மோட்டாரில் காற்று பிடித்துவிட்டது என்று சொல்வோமே, அதேதான். இழுப்பு அளவு மீறினால் ஒரு குழாய்க்குள் காற்று புகுந்து, நீரிழை பட்டென்று அறுகிறது. அதைக் காதால் கேட்கவும் முடிந்திருக்கிறது. மில்பர்ன், ஜான்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1966இல் ஆமணக்கு இலையைக் காயவிட்டு, அதிர்வைப் பிடிக்கும் கருவியை வைத்துக் கேட்டார்கள். வாட வாட டிக் டிக்கென்று சத்தம் வந்தது. நீரூட்டியதும் சத்தம் நின்றது. வேலியோரத்து ஆமணக்கு வெயிலில் தொங்கிப்போய் நிற்கும்போது அதற்குள் இது நடக்கிறது என்று தெரிந்த பிறகு என்னால் அதைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

தோப்பில் பெரியவர் வெட்டியதும் உடனே பைக்குள் வேரை நுழைத்ததற்கும் காரணம் இதுதான். வெட்டுமுனை காற்றில் நின்றால் மரம் டானிக்குக்குப் பதிலாகக் காற்றை இழுத்துக்கொள்ளும்.

ஒரு குழாயில் காற்று பிடித்தால் மரம் முழுக்க நின்றுவிடாது. குழாய்க்குக் குழாய் இடையே நுண்ணிய சவ்வுத் தடுப்புகள் இருக்கின்றன. தண்ணீரை விடும், குமிழை எளிதில் விடாது. பக்கத்துக் குழாய் வழியாக நீர் சுற்றிப் போகும். இரவில் பல செடிகளில் வேர் அழுத்தம் கொஞ்சம் எழும்பும். உப்புகளை வேர் உள்ளே சேர்க்க, பின்னாலேயே தண்ணீர் வந்து ஒன்றிரண்டு வளிமண்டல அளவுக்குத் தள்ளும். விடியலில் நெற்பயிரின் நுனியிலும் சேம்பிலையின் முனையிலும் முத்து முத்தாக நிற்கிறதே, பனி என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு இப்படிக் கசிந்த நீர். காற்று புகுந்த குழாய்களை மறுபடி நிரப்ப இந்தத் தள்ளல் உதவும். மோட்டாருக்கு நாம் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றுவதுபோல.

தென்னைக்கு இந்தக் கவனம் கூடுதலாகவே வேண்டும். வேம்பும் புளியும் வருடாவருடம் பட்டைக்குள்ளே புதுக்குழாய்களைப் போட்டுக்கொண்டே பருக்கும். தென்னை அப்படிப் பருப்பதில்லை. அறுபது வயது மரத்தின் அடித்தண்டில் இருப்பவை அது இளங்கன்றாக இருந்தபோது உருவான குழாய்கள். மாற்று உதிரிபாகம் கிடையாது. அவற்றைக் கொண்டே கடைசி வரை ஓட்டியாக வேண்டும். வேர்களை மட்டும் தூரிலிருந்து புதிதுபுதிதாக விட்டுக்கொள்ளும்.

இழுப்பை அளக்க முடியுமா? 1965இல் ஷோலாண்டர் குழுவினர் அளந்தார்கள். வெட்டிய கிளையை இரும்பு அறைக்குள் வைத்து, வெட்டுமுனையை மட்டும் வெளியே நீட்டி, உள்ளே வாயுவை ஏற்றினார்கள். உள்வாங்கியிருந்த சாறு எந்த அழுத்தத்தில் வெட்டுமுனைக்குத் திரும்பி வருகிறதோ, அதே அளவு இழுப்பு மரத்துக்குள் இருந்தது என்று பொருள். உயர்ந்த மரங்களின் உச்சிக்கிளையைத் துப்பாக்கியால் சுட்டு இறக்கினார்கள். அவர்கள் அளந்ததில் மிகப் பெரிய எண்களைத் தந்த மரங்களில் சதுப்புநில மரங்களும் உண்டு. பிச்சாவரத்தில் படகில் போகும்போது பார்க்கிற கண்டல், சுரபுன்னை வகைகள்தான். கடல்நீரிலிருந்து உப்பை விட்டு நீரை மட்டும் எடுக்க 25 வளிமண்டல அழுத்தத்துக்குக் கிட்ட வேண்டும். அந்த மரங்களின் சைலத்தில் இருந்த இழுப்பு 35க்கும் மேல். சுரபுன்னை உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே வடிகட்டிவிடுகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் பெரிய பம்புகள் செய்கிற வேலையை அந்த இலைகள் சத்தமில்லாமல் செய்கின்றன.

வடிகட்டல் என்றதும் வேரைச் சொல்லியாக வேண்டும். இழுப்பது இலை என்றாலும் எதை உள்ளே விடுவது என்று முடிவு செய்வது வேர். பெரும்பாலான பயிர்களில் வேர்த்தூவிகள் மண் துகள்களின் இடுக்குக்குள் புகுந்து நீரை எடுக்கின்றன. தென்னைக்கு வேர்த்தூவியே கிடையாது. நுனியை ஒட்டிய இளம்பகுதியே அந்த வேலையைப் பார்க்கிறது. நீர் வேரின் வெளிப்பகுதியில் செல் சுவர்களின் வழியாகவே எளிதாக வந்துவிடும். உள்ளே அகத்தோலில் ஒரு சோதனைச்சாவடி இருக்கிறது. அங்கே செல் சுவர்களைச் சுற்றித் தண்ணீர் புகாத காஸ்பேரியன் பட்டை. அதைத் தாண்ட வேண்டுமானால் செல்லின் சவ்வுக்குள் புகுந்துதான் போக வேண்டும். சவ்வில் நீருக்கென்றே அக்குவாபோரின் என்ற புரத வாயில்கள் உண்டு. இவற்றை இரத்தச் சிவப்பணுவில் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மழைநீர் தேங்கிய வயலில் மிளகாய்ச்செடி தண்ணீரில் நின்றுகொண்டே வாடுவதைப் பார்த்திருப்பீர்கள். தேங்கிய நீரில் வேருக்குக் காற்று கிடைப்பதில்லை. செல்லுக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. அந்த வாயில்கள் மூடிக்கொள்கின்றன. மேலே வெயில் இழுக்கிறது, கீழே கதவு சாத்தியிருக்கிறது. வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் விட்டால் நிலைமை மோசமாகும்.

வேரை வெட்டிப் பை கட்டும்போது இந்தச் சாவடியையே சுற்றிக்கொண்டு போகிறோம். பையில் இருப்பது நேராகச் சைலத்துக்குள் போய்விடும். டானிக் என்றால் நல்லது. பூச்சிமருந்தைக் கட்டினாலும் அதே வேகத்தில் ஏறும். அதனால்தான் காய் வெட்டு முடிந்த கையோடு மருந்து கட்டி, சொன்ன நாள் கணக்கு கழிந்த பிறகே அடுத்த வெட்டு போட வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். அந்த இடைவெளியைத் தயவுசெய்து குறைக்காதீர்கள்.

தோப்பில் இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு மரத்தின் வேரில் பை கட்டியிருந்தது. அதே மரத்தின் உச்சியில் பாளை சீவிக் கலயம் கட்டியிருந்தது. சீவிய பாளையிலிருந்து சாறு சொட்டுச் சொட்டாக இறங்கியது. அங்கே ஓடுவது சைலம் இல்லை, ஃபுளோயம். இலை செய்த சர்க்கரை அந்தக் குழாய்களில் ஏற்றப்படுகிறது. சர்க்கரையின் பின்னால் பக்கத்துச் சைலத்திலிருந்து தண்ணீர் வந்து நிரம்பி, உள்ளே அழுத்தம் கூடுகிறது. வெட்டினால் வெளியே வருகிறது. வேரில் வெட்டினால் மரம் இழுக்கிறது, பாளையில் வெட்டினால் மரம் தள்ளுகிறது. இரண்டு குழாய்களும் ஒரே ஓலைக்குள், ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன.

சாயங்காலம் மரமேறி கலயத்தை இறக்கியபோது கீழே பை பாதிக்கு மேல் காலியாகியிருந்தது.