காளானைச் சருகோடு எடுத்து வாருங்கள்

மழை விட்ட இரண்டாம் நாளே என் கைப்பேசிக்குக் காளான் படங்கள் வரத் தொடங்கிவிடும். பூஞ்சைகளை இனங்காண்பதுதான் என் வேலை என்பதால் தெரிந்தவர்கள் எனக்கு அனுப்புகிறார்கள். பெரும்பாலும் மேலிருந்து எடுத்த குடை மட்டும். கூடவே, "சாப்பிடலாமா?"

ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பரும் அப்படித்தான் அனுப்பினார். சருகுக்கு நடுவே சட்டைப் பொத்தான் அளவில் ஐந்தாறு ரோஜா நிறக் குடைகள். பிடுங்காமல், அடியில் இருக்கும் சருகோடு காகிதத்தில் மடித்துக் கொண்டுவரச் சொன்னேன்.

வந்து சேர்வதற்குள் காய்ந்து சுருங்கிவிட்டன. தண்ணீர் தெளித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் குடைகள் மறுபடி விரிந்தன. பல காளான்கள் இதற்குள் அழுகியிருக்கும். குடையில் வாய்க்கால் போலப் பள்ளக்கோடுகள், அடியில் இடைவெளி விட்டு அமைந்த செவுள்கள் என்ற மெல்லிய தகடுகள், குதிரைமுடி போல மெலிந்து கறுத்த காம்பு. காம்பின் அடி மண்ணில் இல்லை, இலையிலேயே ஒட்டியிருந்தது. அந்த இலையில் வெளுத்த திட்டுகள். இலைக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைப் பூஞ்சையின் இழைகள் சிதைத்த தடம் அது. இதெல்லாம் சேர்ந்தால் மராஸ்மியஸ் என்ற காளான் பேரினம். எந்தச் சிற்றினம் என்று உறுதியாகச் சொல்ல நுண்ணோக்கி வேண்டும்.

வித்தின் நிறம் பார்க்க ஒரு குடையை வெட்டி, செவுள் கீழே இருக்கும்படி கறுப்புத் தாளில் வைத்து, டம்ளரால் மூடினேன். மறுநாள் காலை தாளில் வெள்ளையாக வித்துப்பொடி படிந்திருந்தது. நண்பர் உடனே, "வெள்ளைதானே, அப்போ விஷம் இல்லையே?" என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வரும். லெபியோட்டா என்ற சிறு காளான்களும் சருகுத் தரையில் முளைக்கும், அவற்றின் வித்துப்பொடியும் வெள்ளைதான், சிலவற்றில் அமடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அதே நஞ்சுள்ள கலெரினா என்ற இன்னொரு சிறு காளானின் பொடி துருப்பழுப்பு நிறம். அது மக்கிய மரத்தில் வளர்வது. ஆனால் குச்சி சருகுக்கடியில் புதைந்திருந்தால் சருகில் முளைத்தது போலவே தெரியும். அடியோடு எடுக்கச் சொல்வது இதனால்தான். வித்தின் நிறம் பேரினத்தை நெருங்க உதவும், உணவா நஞ்சா என்று சொல்லாது. சிலர் நம்புவது போல, வெள்ளிக் கரண்டி கறுப்பதும் பூச்சி அரித்திருப்பதும்கூட எதையும் சொல்லாது.

அமடாக்சின் வேகவைத்தாலும் அழியாது. சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 6 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அப்புறம் ஒரு நாள் போல எல்லாம் சரியானதாகத் தோன்றும். அந்த நேரத்தில்தான் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். "வாந்தி நின்றுவிட்டதே" என்று தயவுசெய்து வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

அடையாளம் தெரியாத காளானை யாராவது தின்றுவிட்டால், அறிகுறி வரும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் காளானையும் சமைத்ததையும் கையோடு கொண்டுபோங்கள். காளானைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துக் கூழாகிவிடும், காகிதத்தில் மடியுங்கள்.