ஸ்குவா: சூறைப்பறவை என்று சொல்லலாம்

ஸ்குவா என்பது இரு துருவங்களையும் ஒட்டிய குளிர்ப்பகுதிகளில் முட்டையிடும் வேட்டைக் கடற்பறவை. மொத்தம் ஏழு இனங்கள். கடற்காகத்துக்கு உறவு, ஆனால் வளைந்த அலகும், சவ்வுப் பாதத்தில் கூரிய நகங்களும் உண்டு.

சொல் வந்தது வட அட்லாண்டிக் கடலில் உள்ள பரோயே தீவுகளிலிருந்து. அங்குள்ள மக்கள் பெரிய ஸ்குவாவை 'ஸ்கூவுர்' என்பார்கள். ஸ்கூவாய் என்ற தீவின் பெயரும் இதிலிருந்துதான். 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பறவைப் பெயர் ஆங்கிலத்துக்குப் போனது. சிறிய இனங்களை அமெரிக்கர்கள் 'யேகர்' என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் வேட்டைக்காரன்.

அறிவியல் பெயர்தான் அநியாயம். ஸ்டெர்கொராரியஸ் என்றால் லத்தீனில் சாணத்தோடு தொடர்புடையது. ஸ்குவா துரத்தும்போது மற்றப் பறவை பயந்து, விழுங்கிய மீனைக் கக்கும். விழுவதற்குள் ஸ்குவா அதைக் கவ்விவிடும். பார்த்தவர்கள் அதை எச்சம் என்று நினைத்துவிட்டார்கள்! பிழை தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? கடற்காகம், கடற்கழுகு இரண்டும் வேறு பறவைகளுக்கு உரியவை. 'கொள்ளைப்பறவை' பொருந்தும், ஆனால் பாதிதான். அது பறித்து மட்டும் தின்பதில்லை. தென்துருவ ஸ்குவாவுக்குப் பல இடங்களில் மீன்தான் முக்கிய இரை. பென்குவின் முட்டையும் குஞ்சும் கிடைத்தால் விடாது. வடக்கே நீள்வால் ஸ்குவா லெமிங் எலிகளை நம்பியே இனம் பெருக்குகிறது. லெமிங் அருகிப்போன ஆண்டில் முட்டையிடாமலே இருந்துவிடும்.

அதனால் எனக்குப் பிடித்த சொல் சூறைப்பறவை. சூறை என்றால் கொள்ளை, சுழற்காற்றும்தான். கூட்டருகே யாராவது போனால் தெரியும்: மனிதர் என்றும் பாராமல், தலையைக் குறிவைத்துக் காற்றாய்ப் பாய்ந்து அடிக்கும். பெரும்பாலும் தரையில் சிறு பள்ளத்தில் இரண்டு முட்டைகள். தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். தென்துருவ இனத்தில் முந்திப் பொரித்த குஞ்சு பிந்தியதைத் துரத்தும், சில நேரம் கொன்றேவிடும். படிக்கும்போது மனம் கனக்கிறது. ஆனால் இரை குறைந்த இடத்தில் ஒன்றாவது பிழைப்பது இப்படித்தான்.

எழுதும்போது ஒரு கவனம் வேண்டும். 'சூரை' என்று இடையின ரகரம் போட்டால் அது மீன். பறவைக்கு வல்லின றகரம். இனங்களைப் பிரிக்க தென்துருவச் சூறைப்பறவை, நீள்வால் சூறைப்பறவை, பெரிய சூறைப்பறவை என்று எழுதலாம்.