உறைக்குள்ள போற கத்தி ஏன் கருமண்ணை பொறுக்கிட்டு வருது?

கிருஷ்ணகிரில சின்னதா ஒரு தோல் பட்டறை வெச்சிருக்கேன். பெல்ட், பர்ஸ் எல்லாம் பண்ணுவேன், ஆனா எனக்கு சோறு போடுறது உறைதான். மாந்தோப்புக்காரங்களுக்கு ஒட்டுக்கத்தி உறை, கவாத்து கத்தரி உறை, ஓசூர் கம்பெனிங்கள்ல வேலை பாக்குற பிட்டருங்களுக்கு இடுப்புல மாட்டுற டூல் உறை. முன்னெல்லாம் மூடிக்கு பட்டன்தான் அடிப்பேன். அப்புறம் எல்லாரும் காந்தம் வெச்ச மூடி கேக்க ஆரம்பிச்சாங்க, ஒரு கையில கிளைய பிடிச்சிட்டு இன்னொரு கையில டக்குனு எடுக்கலாம் இல்லையா, நானும் சின்ன வட்டக் காந்தமா வாங்கி ரெண்டு தோலுக்கு நடுவுல வெச்சு தெச்சு குடுத்துட்டே இருந்தேன். அது என்ன பண்ணும்னு ஒரு நாள் கூட யோசிச்சதில்ல. அதுக்குதான் இந்த பதிவு.

ரெண்டு வருஷம் முன்ன, ஆடி மாசம், ஒட்டு கட்டுற சீசன். சந்தூர் பக்கம் நர்சரி வெச்சிருக்குற ஒரு அண்ணன் வந்தாரு, கையில நான் தெச்ச உறை, மூஞ்சில கோவம். "என்னா தோல் போட்டுக் குடுத்த நீ? உள்ள இருந்து கருப்பா பொடி கொட்டுது, கத்தில எல்லாம் ஒட்டிக்குது, தொடைச்சாலும் போவல." நான் தோல் சாயம்தான் உதிருதுன்னு நெனச்சு, "விடுணா, வேற தோல்ல தெச்சுத் தரேன்"னு சொல்லிட்டேன். தெச்சும் குடுத்தேன். ஒரே மாசம், மறுபடியும் வந்து நிக்கிறாரு. இந்த தடவ கத்தியும் கொண்டாந்தாரு. அலகு நுனியில மீசை முளைச்ச மாதிரி கருப்பு பொடி நட்டுக்குத்தலா நிக்குது. அவரு வீட்ல "யாரோ மந்திரிச்சி விட்டிருக்காங்க"ன்னு பேச்சு வேற ஓடிட்டு இருந்துச்சாம்.

பேப்பர்ல தட்டி, பேப்பருக்கு அடியில ஒரு காந்தத்த வெச்சு நகத்தினேன். பொடி பின்னாடியே ஓடுது. அட, இது சாயமே இல்ல. நம்ம ஊரு கருமண்ணு!

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இது புதுசு இல்ல. மழை பேஞ்சு ஓடுன வாய்க்கால்ல, வெள்ளை மணலுக்கு நடுவுல கருப்பு கோடு கோடா படிஞ்சிருக்கும் பாருங்க, அதுல பெரும்பாலும் மேக்னடைட்டுங்கற இரும்புத்தாது கலந்திருக்கும். அரூர் பக்கம் தீர்த்தமலை, சேலத்துல கஞ்சமலை, ரெண்டு இடத்துலயும் மலையிலயே அந்த தாது இருக்கு. சின்ன வயசுல பழைய ஸ்பீக்கர் காந்தத்த நூல்ல கட்டி மண்ணுல இழுத்துட்டு போவோமே, அதேதான். அண்ணன் நர்சரில பாக்கெட் போட மண்ணும் மணலும் மலையா குவிச்சு வெச்சிருப்பாரு, கத்திய அது மேலதான் வெப்பாரு.

சரி, மண்ணு காந்தத்துல ஒட்டும், கத்தில ஏன் ஒட்டுது? ஏன்னா நான்தான் கத்தியவே காந்தம் ஆக்கிட்டேன். ஸ்கூல்ல தையல் ஊசிய காந்தத்துல தேச்சுத் தேச்சு, தண்ணியில மிதக்க விட்டு, அது வடக்கு பாத்து திரும்புறத பாத்திருப்பீங்க. நான் அந்த உறைல காந்தத்த வெச்சிருந்தது மூடிக்கு நேர் கீழ, உறையோட வாய்ல. அலகு அதை உரசிக்கிட்டுதான் உள்ள போகணும், வெளிய வரணும். சீசன்ல அண்ணன் ஒரு நாளைக்கு எத்தன நூறு தடவ உருவுவாரோ. உள்ள போறப்ப ஒரு மாதிரி, வர்றப்ப வேற மாதிரி காந்தம் ஏறும், கடைசியா வெளிய இழுத்ததோட பதிவுதான் அலகுல நிக்கும். நிக்கும்ங்கறதுதான் இங்க முக்கியம். சாதா கட்டுக்கம்பி மாதிரி கெட்டி இல்லாத இரும்புல காந்தம் ஏறுனாலும் சீக்கிரம் விட்டுப் போயிடும். பதம் வெச்ச கார்பன் ஸ்டீல் விடாது. கத்தி எவ்வளவு நல்லா பதம் வெச்சதோ அவ்வளவு புடிவாதமா காந்தத்த புடிச்சு வெச்சுக்கும், அதாவது நல்ல கத்தி வெச்சிருக்கவருக்குத்தான் தொந்தரவு ஜாஸ்தி.

ஒட்டினா என்ன, தொடச்சிட்டு போவலாமேன்னு கேக்கலாம். ஒட்டு கட்டுறவங்கள கேளுங்க. ஒட்டுக்குச்சிய ஒரே இழுப்புல வழவழன்னு சீவணும், அப்பதான் ரெண்டு பச்சையும் ஒண்ணோட ஒண்ணு அண்டும். அந்த கருமண்ணு பதம் வெச்ச இரும்புக்கு கிட்டத்தட்ட சமமான கெட்டி, அதோட சேந்து வர்ற வெள்ளை மணல் அதை விட கெட்டி. ஒவ்வொரு தடவ உறைக்குள்ள போறப்பவும் அந்த பொடியிலயே அலகு தேயுது. லென்ஸ் வெச்சு பாத்தேன், முனைல பல்லு பல்லா இருந்துச்சு. மூணு நாளைக்கு ஒரு தடவ சாணை புடிக்கிறேன்னு அண்ணன் பொலம்பினதுக்கு காரணம் கத்தி இல்ல, என் உறை. ரொம்ப வெக்கமா போச்சு.

காந்தத்த எப்படி எடுக்குறது? சிலபேரு நெருப்புல காட்டுன்னு சொல்லுவாங்க, தயவுசெஞ்சு பண்ணிடாதீங்க, இரும்புல இருந்து காந்தத் தன்மை போக 770 டிகிரி சூடு ஏறணும், கத்தியோட பதம் அதுக்கு ரொம்ப முன்னாடியே போயிடும். நான் போனது ஒரு பழைய டிவி மெக்கானிக்கிட்ட. குண்டு டிவி காலத்துல ஸ்க்ரீன்ல கலர் திட்டு விழுந்தா சுத்தி எடுப்பாங்களே, டீகாஸ் காயில்னு வளையம் மாதிரி இருக்கும், அது அவருகிட்ட பரண் மேல தூசி புடிச்சு கெடந்துச்சு. காயில்ல கரண்ட் விட்டு, கத்திய நடுவுல விட்டு, மெதுவா, ரொம்ப மெதுவா ஒரு மீட்டர் தள்ளி இழுத்துட்டு வந்து, அப்புறம்தான் சுவிட்ச் ஆஃப் பண்ணாரு. நம்ம வீட்டு கரண்ட் செகண்டுக்கு 50 சுத்து, அதாவது காந்தம் நூறு தடவ திசை மாறுது, தள்ளிப் போகப் போக அடி கொறஞ்சு கொறஞ்சு கடைசில கத்தில எதுவும் நிக்காது. பக்கத்துல இருக்கறப்பவே ஆஃப் பண்ணிட்டா கத மறுபடி மொதல்ல இருந்து. சுத்தமா போகல, குண்டூசிய லேசா அசைக்குது, ஆனா மண்ணு ஒட்டுற அளவுக்கு இல்ல.

இப்ப நான் தெக்கிற உறைல காந்தம் மூடியோட நாக்குலயும், உறை முதுகுல கீழ தள்ளியும்தான் இருக்கும், அலகு வழிக்கு பக்கத்துலயே வராது. நீங்க உறை வாங்குனா ஒரு குண்டூசிய நூல்ல கட்டி உறை மேல ஓட்டிப் பாருங்க, எங்க இழுக்குதோ அங்க காந்தம், அது அலகு மேல இருந்தா மாத்திக் குடுக்க சொல்லுங்க.

வேற கூத்தும் நடந்திருக்கு. ஒரு தடவ பன்னெண்டு உறைல அஞ்சு மூடி மூடவே மாட்டேங்குது, அழுத்தினா எகிறுது, பாத்தா ஒரு பக்க காந்தத்த தலைகீழா வெச்சு தெச்சிருக்கேன். எல்லாத்தையும் பிரிச்சேன். இப்ப மார்க்கர்ல புள்ளி வெக்காம ஒண்ணையும் தொடுறதில்ல. இன்னொரு தடவ சொல்யூஷன் சீக்கிரம் காயட்டும்னு ஹீட் கன் காட்டினேன், மூடி தொளதொளன்னு ஆயிடுச்சு. நியோடிமியம் காந்தம், சாதா ரகம், 80 டிகிரிய தாண்டினா சக்திய எழக்க ஆரம்பிச்சிடும், ஆறினாலும் திரும்பி வராது.

அப்புறம் அந்த கருப்பு கறை. ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு பதப்படுத்துன தோல்ல காந்தம் இருக்குற எடத்துல மட்டும் வட்டமா மை கொட்டின மாதிரி வரும். அந்த காந்தத்துல முக்கால்வாசிக்கு பக்கம் இரும்புதான், மேல நிக்கல் பூச்சு. பூச்சு கீறி வேர்வை எறங்கினா துரு, துருவும் தோல்ல இருக்குற துவர்ப்பும் சேந்தா மை. அந்த காலத்துல கடுக்காயும் அன்னபேதியும் போட்டு எழுதுற மை காய்ச்சினாங்களே, அதே சங்கதி. காந்தத்துக்கு மேல ஒரு சுத்து பிளாஸ்டிக் டேப் ஒட்டிட்டு தெச்சா வர்றதில்ல.

இதெல்லாம் கத்திக்கும் தோலுக்கும். ஆளுக்கு ஆகுறது ரெண்டு இருக்கு. நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சவங்க காந்த உறைய சட்டை பாக்கெட்டுலயோ நெஞ்சுல மாட்டுற பட்டைலயோ வெக்கவே கூடாது. காந்தம் கிட்ட வந்தா பேஸ்மேக்கர் தன்னோட வேகத்த விட்டுட்டு ஒரே வேகத்துல அடிக்கும், ஷாக் குடுக்குற ஐசிடி கருவின்னா ஷாக்கையே நிறுத்தி வெச்சிடும். 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கணும், உங்க டாக்டரு வேற சொன்னா அதுதான் கணக்கு. ரெண்டாவது, பிஞ்சு போன உறைய வீட்ல போட்டு வெக்காதீங்க. கொழந்தை ரெண்டு காந்தத்த முழுங்கிட்டா குடலுக்கு ரெண்டு பக்கமும் நின்னு ஒண்ண ஒண்ணு இழுத்து குடல ஓட்டை போட்டுடும். அழுவுதா, சிரிக்குதான்னு பாத்துட்டு உக்காராதீங்க, முழுங்கின சந்தேகம் வந்தாலே நேரா ஆஸ்பத்திரிதான்.

போன மாசம் ஒரு பெரியவரு கவாத்து கத்தரி உறை கேட்டு வந்தாரு, கைய நெஞ்சு மேல வெச்சு "இங்க மிஷின் இருக்குப்பா"ன்னாரு. பழைய டப்பாவ தேடி எடுத்து பித்தளை பட்டன் அடிச்சுக் குடுத்தேன். காந்தத்துக்கு வாங்குறதுல முப்பது ரூபா கம்மி.